அத்தியாயம் 6: நீண்ட சவாரியில் உணவும் தண்ணீரும்

காலையில் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு வழியில் சாப்பிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. ஒரு பாட்டில் தண்ணீர் போதும். வீடு திரும்பிக் குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதே வழக்கத்தோடு 60, 80 கிலோமீட்டருக்குக் கிளம்பும்போதுதான் சிக்கல் வருகிறது. பாதி வழிவரை எல்லாம் நன்றாக இருக்கும். பிறகு திடீரென்று கால் துவளும். சமதரையில் போகும்போதே மேடேறுவதுபோல இருக்கும். வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேரப்போகிறோம் என்று மலைப்பாக இருக்கும். புதியவர்கள் பலர் இதைத் தங்கள் உடம்பின் குறை என்று எடுத்துக்கொண்டு நீண்ட சவாரி நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வருமுன், அன்று காலை என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம், என்ன குடித்தோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடை அங்கே கிடைத்துவிடும்.

இந்த அத்தியாயத்தின் சாரம் மூன்று வரிதான்:

- உணவைக் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள்.
- தண்ணீரைத் தாகம் பார்த்துக் குடியுங்கள்.
- உப்பை வியர்வை பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றுக்கும் மூன்று அளவுகோல் இருக்கக் காரணம் உண்டு. மிதித்துக்கொண்டிருக்கும்போது பசி தாமதமாகவே வரும். வரும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே பசியை நம்ப முடியாது. தாகம் அப்படியில்லை, ஓரளவு நேர்மையான வழிகாட்டி. உப்போ ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை உங்கள் சட்டையில் படியும் வெள்ளைக்கோடுதான் சொல்லும்.

உடம்பின் கையிருப்பு

நாம் உண்ணும் சோறு, இட்லி, பழம், சர்க்கரை எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து, கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 300 முதல் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். கிராமுக்கு 4 கிலோகலோரி என்று கணக்கிட்டால் மொத்தம் 1,600 முதல் 2,000 கிலோகலோரி. கொழுப்பு இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜனையே அதிகம் கேட்கும். முயன்று மிதித்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் கையிருப்பு பெருமளவு கரைந்துவிடும். நண்பரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில் ஓட்டினால் கொழுப்பும் தன் பங்கைத் தரும். கிளைகோஜன் நீண்ட நேரம் தாங்கும். புதியவர்களுக்கு நிதானமான வேகத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நேரடியாகக் காட்டிய சோதனை ஒன்று சைக்கிளில்தான் நடந்தது. சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் உடம்பிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். ஒரே பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் இருந்துகொண்டு, ஒருவர் இடக்காலாலும் மற்றவர் வலக்காலாலும் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைகோஜன் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டபோது, உழைத்த காலில் அது மற்றக் காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு நிரம்பியது. 1966இல் நேச்சர் இதழில் இந்த முடிவு வெளியானது.

நமக்கு இதில் இரண்டு பாடம். ஒரு தசையின் சேமிப்பை இன்னொரு தசை கடன் வாங்க முடியாது. தொடையில் தீர்ந்தால் தீர்ந்ததுதான், வெளியிலிருந்து வாயில் போடுவதுதான் வழி. இரண்டாவது, உழைத்துப் பழகிய தசை கூடுதலாகச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது. இன்று 50 கிலோமீட்டரில் துவளும் கால் சில மாதப் பயிற்சியில் அதே தூரத்தை எளிதாகக் கடப்பதில் இந்தச் சேமிப்புக்கும் பங்குண்டு.

கல்லீரலின் இருப்பு வேறு வேலை செய்கிறது. ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வதும் மூளைக்குத் தருவதும் அதுதான். இரவு முழுக்க நாம் தூங்கும்போதும் அது செலவாகிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறவருக்குத் தசையில் சேமிப்பு இருந்தாலும் கல்லீரலில் குறைந்திருக்கும்.

எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு

தூரத்தை மறந்துவிட்டு நேரத்தைக் கணக்கில் எடுங்கள். 40 கிலோமீட்டரை ஒருவர் ஒன்றரை மணி நேரத்திலும் இன்னொருவர் மூன்று மணி நேரத்திலும் கடக்கலாம். இருவருக்கும் தேவை ஒன்றல்ல.

- 1 மணி நேரம் வரை: தண்ணீர் மட்டும் போதும்.
- 1 முதல் 2 மணி நேரம்: மணிக்குச் சுமார் 30 கிராம் மாவுச்சத்து. காலையில் ஏதும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.
- 2 முதல் 4 மணி நேரம்: மணிக்கு 30 முதல் 60 கிராம். தொடக்கத்தில் 40ஐக் குறிவைத்தால் போதும்.
- 4 மணி நேரத்துக்கு மேல்: மணிக்கு 60 கிராமை நெருங்க முயலுங்கள். நடுவில் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிடும் உணவும் வேண்டும்.

போட்டி வீரர்கள் மணிக்கு 90 கிராமும் அதற்கு மேலும் உண்கிறார்கள். குடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உள்ளே எடுக்கும். ஃப்ரக்டோஸ் வேறு பாதையில் போவதால் இரண்டும் கலந்தால் மொத்த அளவு கூடும். அதற்குக் குடலைப் பல வாரம் பழக்க வேண்டும். முதல் ஆண்டில் அந்த இலக்கு யாருக்கும் தேவையில்லை.

முதல் வாய் உணவு கிளம்பி 30 முதல் 40 நிமிடத்துக்குள் போய்விட வேண்டும். பிறகு 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம். செல்பேசியிலோ கைக்கடிகாரத்திலோ மணி ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போது பசிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். அந்த நேரத்தில் சாப்பிடுவதுதான் இரண்டு மணி நேரம் கழித்து உங்களைக் காப்பாற்றும்.

பையில் என்ன எடுத்துப் போவது

நல்ல வழியுணவுக்கு நான்கு இலக்கணம்: மாவுச்சத்து மிகுந்திருக்க வேண்டும், கொழுப்பும் நாரும் குறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் வயிற்றில் நெடுநேரம் தங்கும், வெயிலில் உருகவோ கெடவோ கூடாது, ஒரு கையால் எடுத்து வாயில் போட முடிய வேண்டும். வெளிநாட்டு எனர்ஜி ஜெல்லும் எனர்ஜி பாரும் இந்த இலக்கணத்துக்குள் வருபவைதான். ஆனால் நம் ஊர்ச் சந்தையும் அடுக்களையும் இதற்குக் குறைவில்லாமல் தரும்.

- பூவன் பழம் (நடுத்தரம்): சுமார் 15 கிராம் மாவுச்சத்து. பெரிய பச்சைப்பழம் என்றால் 25 கிராமுக்கு மேல். நன்றாகப் பழுத்ததைத் தேர்ந்தெடுங்கள். காய்வெட்டாக இருந்தால் வயிறு உப்பும்.
- பேரீச்சை: சிறியது ஒன்றுக்குச் சுமார் 6 கிராம். கொட்டையை வீட்டிலேயே நீக்கிவிடுங்கள்.
- பொரி உருண்டை: பொரியும் வெல்லமும் மட்டுமே என்பதால் எளிதில் செரிக்கும். உடையக்கூடியது, டப்பாவில் வையுங்கள்.
- கடலை மிட்டாய்: 30 கிராம் துண்டில் பாதியளவு மாவுச்சத்து, மீதி பெரும்பாலும் கொழுப்பும் புரதமும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயானாலும் சரி, உள்ளூர்க் கடை மிட்டாயானாலும் சரி, இதன் ஆற்றல் மெதுவாகத்தான் வரும். நிதானமாக ஓட்டும் பகுதிக்கு ஏற்றது. மேடேறும் முன்பு வேண்டாம்.
- அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு: 100 கிராமில் சுமார் 20 கிராம். தோலுரித்துத் துண்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.
- ஜாம் தடவிய ரொட்டி: இரண்டு துண்டில் 35 கிராம்வரை கிடைக்கும்.
- ஜெல்: ஒரு பாக்கெட்டில் பொதுவாக 20 முதல் 25 கிராம். தண்ணீரோடு மட்டுமே எடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஒன்று பையில் இருந்தால் நல்லது.

பிடி கொழுக்கட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பந்தயங்களில் தொழில்முறை வீரர்கள் சட்டையின் பின்பைகளில் வைத்துக்கொள்ளும் உணவுகளில் ஒன்று, குழைய வேகவைத்த அரிசியை அழுத்திக் கட்டியாக்கி வெட்டிய துண்டு. அதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் உடலியலாளர் ஆலன் லிம்; சமையற்கலைஞர் பிஜு தாமஸுடன் சேர்ந்து இத்தகைய உணவுகளுக்கென்றே 2011இல் ஒரு சமையல் நூலும் வெளியிட்டார். அரிசியும் வெல்லமும் சேர்ந்த நம் பிடி கொழுக்கட்டை அதே வேலையைச் செய்யும்: ஈரப்பதம் இருப்பதால் தொண்டையில் அடைக்காது, திகட்டாது, கையடக்கமானது. தேங்காய் சேர்க்காமல் அல்லது மிகக் குறைவாகச் சேர்த்துச் செய்யுங்கள். தேங்காய் வெயிலில் சீக்கிரம் கெடும். அன்று காலையில் அவித்ததை அன்று முற்பகலுக்குள் தின்றுவிட வேண்டும்.

சாக்லேட் நம் வெயிலில் உருகிப் பையை நாசமாக்கும். மிக்சர், முறுக்கு, வடை ஆகியவற்றில் எண்ணெய் அதிகம், ஓடும்போது வேண்டாம். இனிப்பு மட்டுமே தின்றால் இரண்டு மணி நேரத்தில் திகட்டிவிடும் என்பதால் உப்பு போட்ட ஏதாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொடி தடவிய இட்லி அருமையான துணை. எண்ணெய் மட்டும் குறைவாக இருக்கட்டும்.

முந்தைய இரவும் விடியற்காலையும்

நீண்ட சவாரியின் முதல் வேளை உணவு முந்தைய இரவே தொடங்குகிறது. சோறு, இடியாப்பம், சப்பாத்தி என்று மாவுச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். வயிறு முட்டத் தேவையில்லை. பிரியாணி, பரோட்டா, காரசாரமான குழம்பு ஆகியவற்றை சவாரி முடிந்த மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். விரத நாளில் நீண்ட தூரம் வேண்டாம், நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட முடிந்தால் நான்கு இட்லியோ இரண்டு தோசையோ நல்லது. ஆனால் வெயிலுக்கு அஞ்சி ஐந்து மணிக்கே கிளம்பும் நம் ஊரில் அது நடக்காது. அரை மணி நேரம் முன்பு இரண்டு பூவன் பழம், அல்லது இரண்டு துண்டு ஜாம் ரொட்டி போதும். கல்லீரலின் இரவுச் செலவை அது ஓரளவு ஈடுகட்டும்.

காபி குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். காஃபின் களைப்பின் உணர்வைக் குறைப்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. குடித்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்தை எட்டும். பழக்கமில்லாதவர்கள் சவாரி நாளில் புதிதாகத் தொடங்க வேண்டாம், வயிற்றைக் கலக்கும்.

தண்ணீர்: குறைவும் கேடு, மிகுதியும் கேடு

பொதுவாக மணிக்கு 400 முதல் 800 மில்லி லிட்டர் தேவைப்படும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழியும். உடம்பு குளிராது, மேலும் வியர்க்கும். அங்கே மேல் எல்லையை நெருங்க வேண்டியிருக்கும். ஏற்காடு, ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் தாகமே எடுக்காததுபோல இருக்கும்; அங்கும் அவ்வப்போது ஒரு வாய் குடியுங்கள்.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர சவாரிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையோடு எடை பாருங்கள். வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. வழியில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். 65 கிலோ இருந்தவர் 64.4 ஆகி, அரை லிட்டர் குடித்திருந்தால் அவருடைய வியர்வை மணிக்கு 1.1 லிட்டர். அத்தனையையும் உடனே ஈடுகட்ட வேண்டியதில்லை. மொத்த சவாரியில் உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல், அதாவது 65 கிலோ உள்ளவருக்கு 1.3 கிலோவுக்கு மேல், குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எடை கூடியிருந்தால்? அது எச்சரிக்கை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பும் உயிராபத்தும் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அந்த ஆபத்து அதிகமாக இருந்ததும் தெரிந்தது. 'முடிந்தவரை குடியுங்கள்' என்ற பழைய அறிவுரையைக் கைவிட இத்தகைய ஆய்வுகளே காரணம்.

ஆகவே நடைமுறை இதுதான்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலைக் கையிலெடுங்கள், எத்தனை வாய் என்பதைத் தாகத்திடம் விடுங்கள். வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. அடர்மஞ்சளாக, அளவு குறைந்து இருந்தால் அடுத்தமுறை கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

உப்பு: வீட்டில் கலக்கும் பானம்

ஒரு லிட்டர் வியர்வையோடு அரை கிராம் முதல் ஒன்றரை கிராம்வரை சோடியம் வெளியேறலாம். சிலருக்கு அதற்கு மேலும். சவாரி முடிந்ததும் சட்டையிலும் தலைக்கவசப் பட்டையிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழப்பவர். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட சவாரியில் ஒரு பாட்டிலாவது உப்புக் கலந்ததாக இருக்கட்டும்.

750 மில்லி பாட்டிலுக்கு:

- சர்க்கரை: தலைதட்டி 3 மேசைக்கரண்டி (சுமார் 40 கிராம்)
- உப்பு: கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக
- எலுமிச்சை: அரை மூடி

இதில் சர்க்கரை 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 8 சதவீதத்தைத் தாண்டினால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். தண்ணீர் உள்ளே குலுங்கிக்கொண்டே இருக்கும். எனவே இனிப்பைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தைத் தட்டிப்போட்டு, சிட்டிகை சுக்கும் ஏலக்காயும் சேர்த்தால் பானகம். ராமநவமிக்குக் கோடை தொடங்கும் வேளையில் பானகமும் நீர்மோரும் கொடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இனிப்பும் புளிப்பும் சிட்டிகை உப்பும் சேர்ந்த பானகம் சைக்கிளோட்டிக்கு அப்படியே பொருந்தும். வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் மூக்கில் சக்கை அடைக்கும்.

வழியில் கிடைப்பவற்றைப் பற்றியும் சொல்லிவிடலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. எனவே இளநீர் குடித்தால் கூடவே உப்புப் போட்ட ஏதாவது தின்னுங்கள். நீர்மோரில் உப்பு உண்டு, ஆற்றல் குறைவு. சவாரி முடிந்தபின் மிகச் சிறந்தது. கரும்புச்சாற்றில் சர்க்கரை செறிவு அதிகம், ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதும் தெரியாது; ஓடும் நாளில் தவிர்க்கலாம். சோடாவின் வாயு, குனிந்து ஓட்டும்போது வயிற்றை உப்பவைக்கும். ஓஆர்எஸ் பொட்டலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. உப்பிழப்புக்கு அது நல்லது. உணவுக்கு மாற்று ஆகாது. பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவுகளைப் பின்பற்றுமுன் தங்கள் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். சர்க்கரையும் உப்பும் இளநீரின் பொட்டாசியமும் அவர்களுக்கு வேறு கணக்கு.

ஒரு காலை: திருவான்மியூர் – மாமல்லபுரம்

சென்னையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்கள் பலர் கனவு காணும் முதல் நீண்ட பாதை கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், போய்வர 90. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணி நேரம். இதுவரை சொன்னதை இந்தப் பாதையில் வைத்துப் பார்ப்போம். கையில் இரண்டு பாட்டில்: ஒன்று எலுமிச்சை–உப்பு–சர்க்கரை, மற்றது வெறும் தண்ணீர். அதே கலவையின் பொடியை, எலுமிச்சை இல்லாமல், ஒரு சிறு பொட்டலமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பும்போது கலக்கலாம்.

- 4.30: இரண்டு பூவன் பழம், அரை டம்ளர் காபி.
- 5.00: கிளம்புதல்.
- 5.35: நீலாங்கரையைத் தாண்டியபின் ஒரு பூவன் பழம். முதல் மணி நேரத்தில் இனிப்புப் பாட்டிலில் பாதி. (35 கிராம்)
- 6.15: முட்டுக்காட்டுப் பாலம் தாண்டி மூன்று பேரீச்சை. ஏழு மணிக்குள் இனிப்புப் பாட்டில் காலி. (38 கிராம்)
- 7.15: மாமல்லபுரம். மூன்று இட்லி, சர்க்கரை போட்ட காபி. (சுமார் 40 கிராம்) இரண்டு பாட்டிலையும் நிரப்பி, ஒன்றில் பொட்டலத்தைக் கலந்துகொள்ளுங்கள்.
- 7.45: திரும்புதல்.
- 8.15: ஒரு கடலை மிட்டாய், ஒன்பது மணிக்குள் இனிப்புப் பாட்டிலில் பாதி. (35 கிராம்)
- 9.00: நிழலில் ஐந்து நிமிடம் நின்று ஒரு பூவன் பழம், மீதிப் பாட்டில் வழியில். (35 கிராம்) வெயில் ஏறியிருந்தால் இளநீரும் குடிக்கலாம்.
- 10.00: திருவான்மியூர்.

மொத்தம் 180 கிராமுக்குச் சற்றுக் கூட, மணிக்கு 40 கிராம். முதல் நீண்ட சவாரிக்கு இது போதுமானது.

இதில் அதிகம் சறுக்கும் இடம் 7.15 மணி. உணவகத்தில் நெய்ப்பொங்கலும் வடையும் மணக்கும். பாதி வழி வந்துவிட்ட மகிழ்ச்சியில் ஒரு தட்டு பொங்கல், இரண்டு வடை, பிறகு ஒரு பூரி என்று உட்கார்ந்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் வயிறும் காலும் ஒரே ரத்தத்துக்குப் போட்டியிடும். நெய்யும் எண்ணெயும் செரிக்க நேரமெடுக்கும். வெயில் ஏறும் நேரமும் அதுதான். பொங்கல் ஆசை உள்ளவர்கள் அதை சவாரி முடிந்தபின் சாப்பிடட்டும். அப்போது அது உண்மையான பரிசு.

ஓட்டிக்கொண்டே உண்பது

தொடக்கத்தில் சாலையோரம் நின்று சாப்பிடுங்கள். இரண்டு நிமிட நிறுத்தத்தால் எதுவும் குறைந்துவிடாது. ஓட்டிக்கொண்டே குடிக்கப் பழக, முதலில் வாகனமில்லாத மைதானத்தில் ஒரு கையை ஹேண்டில்பாரின் நடுப்பகுதிக்கு அருகில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு பாட்டிலைப் பார்க்காமலே எடுத்து, பார்க்காமலே திரும்ப வைக்கும் அளவுக்குக் கை பழக வேண்டும். குடிக்கும்போதும் கண் சாலையில் இருக்கட்டும். பேருந்து நிறுத்தம், சந்திப்பு, வேகத்தடை, இறக்கம் ஆகிய இடங்களில் கையை எடுக்காதீர்கள். கூட்டமாக ஓட்டும்போது கடைசிக்கு வந்தபின் குடியுங்கள்.

மலைப்பாதையில் மூச்சு வாங்கும்போது விழுங்குவது கடினம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற நீண்ட ஏற்றத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே, அடிவாரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். ஏறும்போது பானம் மட்டும்.

பழத்தோலையும் உறையையும் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சர்க்கரை கலந்த பாட்டிலை அன்றே வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு நாள் விட்டால் மூடிக்குள் பூஞ்சை பிடிக்கும்.

துவண்டுவிட்டால்

சைக்கிளோட்டிகள் 'போங்க்' என்று சொல்லும் நிலை வருமுன் உடம்பு அடையாளம் காட்டும்: காரணமில்லாத எரிச்சல், பேச விருப்பமின்மை, கை நடுக்கம், குளிர்வியர்வை, கண் முன் மங்கல். உடன் ஓட்டுபவர் திடீரென்று மௌனமானால் கேளுங்கள். உடனே நிழலில் நிறுத்தி, 25 முதல் 30 கிராம் சர்க்கரை உள்ளே போகச் செய்யுங்கள்: ஒரு ஜெல்லும் தண்ணீரும், அல்லது ஐந்து பேரீச்சை, அல்லது பெட்டிக்கடையில் இனிப்பான பழச்சாறு. 15 நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு மெதுவாகத் தொடரலாம். அதன்பின் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உண்ண வேண்டும். சரியாகாவிட்டால் சைக்கிளை வண்டியில் ஏற்றி வீடு திரும்புங்கள்.

வெயில் தாக்குதல் வேறு. உடம்பு கொதித்து, பேச்சு குழறி, தள்ளாட்டமோ மயக்கமோ வந்தால் அது அவசரநிலை. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அலட்சியம் வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கத்திரி வெயில் நாட்களில் எட்டு மணிக்குள் முடியும் தூரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

எடை குறைந்திருந்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர்வரை சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடுங்கள்; நீர்மோர், ரசம், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு எல்லாம் இதில் சேரும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முழு உணவு: சோறும் சாம்பாரும், கூட முட்டையோ மீனோ சுண்டலோ. தசை சீராக 20 முதல் 25 கிராம் புரதம் போதும். மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் அதைத் தந்துவிடும்.

எடை குறைக்க சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சவாரியின்போது பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வழியில் துவண்டவர் வீட்டுக்கு வந்து கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவார். மறுநாள் ஓட்டவும் மாட்டார். குறைப்பதை ஓய்வு நாட்களின் தட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வார இறுதிகளில் பழகிக்கொள்ள

- முதல் வாரம்: 1 மணி நேரம். வியர்வைக் கணக்கை எடுங்கள். மைதானத்தில் ஒரு கையால் ஓட்டிப் பழகுங்கள்.
- இரண்டாம் வாரம்: ஒன்றரை மணி நேரம். 40 நிமிடத்தில் ஒரு பழம். வீட்டுப் பானத்தைச் சோதியுங்கள்.
- மூன்றாம் வாரம்: இரண்டரை மணி நேரம். மணிக்கு 30 கிராம், கடிகாரம் பார்த்து. இரண்டு விதமான உணவை முயன்று, எது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
- நான்காம் வாரம்: மூன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேல். மணிக்கு 40 கிராம், நடுவில் இட்லி.

புதிய உணவு எதுவானாலும் முதலில் சிறிய சவாரியில் சோதித்துப் பாருங்கள். பெரிய நாளில் பழகியது மட்டும். ஒரு சிறிய குறிப்பேட்டில் நேரம், வெயில், தின்றது, குடித்தது, எடை வித்தியாசம், கடைசி ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்று எழுதிவையுங்கள். நான்கு பக்கம் நிரம்பும்போது, இந்த அத்தியாயத்தின் பொது எண்களுக்குப் பதில் உங்களுக்கே உரிய எண்கள் கையில் இருக்கும். பிறகு தூரம் கூடினாலும் கணக்கு மாறாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே சவாரிக்கு ஒருநாள் நீங்கள் பெயர் கொடுக்கும்போதும், செய்ய வேண்டியது இதே மணிக் கணக்கைப் பதின்மூன்று முறை தவறாமல் செய்வதுதான்.